கல்பாத்தித் தெருவில் ஒரு காலை நடை

நம் காலனியில் எந்த வீட்டிற்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலும், மறுநாளே அவர்களை மலம்புழைக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அணையைக் காட்டுகிறோம், பூங்காவைக் காட்டுகிறோம், 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் இவ்வணையைத் திறந்து வைத்தவர் காமராசர் என்று பெருமையோடு சொல்லுகிறோம். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம். அத்துடன் பாலக்காட்டைக் காட்டி முடித்ததாக எண்ணிக் கொள்ளுகிறோம்.

நம் வாயிற்படியிலிருந்து கால்நடையாகவே சென்று காணத்தக்க சரித்திரம் ஒன்று அருகிலேயே இருக்கிறது. வெளியூரார் அதனை அறிந்திருக்கின்றனர். விடுமுறை நாட்களில் இளைஞர்கள் புகைப்படக் கருவிகளோடு கல்பாத்தித் தெருவுக்கு வருகின்றனர். திண்ணைகளையும் கோலங்களையும் படம் எடுக்கின்றனர். அப்பளமும் வடகமும் வாங்கிச் செல்லுகின்றனர். பல்லாண்டுகளாக இங்கேயே வாழும் நாம்தான் தேர் பார்க்க ஒரு நாள் போவதோடு நின்றுவிடுகிறோம். ஆகவே, ஒரு காலை வேளையில் வழிகாட்டி எவரும் இல்லாமல், குடும்பத்தோடு நடந்து பார்க்கத்தக்க வழி ஒன்றை இவ்வாண்டு மலரில் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

எழுதத் தொடங்குமுன் ஒன்று நேர்ந்தது. இந்தக் கட்டுரையில் 1924-ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் சொல்லப் போகிறோம் என்று அறிந்த நண்பர் ஒருவர், "ஆண்டு விழா என்பது மங்கள நாள். பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. விடையை நடையின் முடிவில் சொல்லுகிறோம். முதலில் புறப்படுவோம்.

புறப்படும் இடம்

ஒலவக்கோட்டிலுள்ள பாலக்காடு சந்திப்பு நிலையத்திலிருந்தே தொடங்கலாம். இதுவும் சரித்திரத்தில் இடம் பெற்ற இடமே. கேரள நாட்டில் முதன்முதலாகப் புகைவண்டி ஓடியது 1861-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே. மறு ஆண்டு, 1862-இல், போத்தனூரிலிருந்து பட்டாம்பி வரையிலான பாதை திறக்கப்பட்டது. சென்னையையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த அவ்விருப்புப் பாதை, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்தது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள இக்கணவாயே இவ்வூருக்குப் பிழைப்பைத் தந்தது. காற்றும், வணிகரும், படைகளும், நெசவாளரும், வேதியரும், கடைசியில் நாமும் இவ்வாயில் வழியாகவே வந்தோம்.

மலபார் மாவட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தது; 1957 சனவரி 1-ஆம் நாள் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. ஒலவக்கோடு டிவிஷன் தோன்றியதும் 1956-ஆம் ஆண்டிலேயே. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் மாறுதல் உத்தரவைக் கையில் பிடித்துக் கொண்டு இந்தப் பிளாட்பாரத்தில் இறங்கியவர்களே. கல்பாத்தித் தமிழர் நமக்குச் சில நூற்றாண்டுகள் முந்தி வந்தனர் என்பதுதான் வேற்றுமை.

ஆற்றைக் கடந்து

காலை ஆறரை மணிக்குப் புறப்படுவது நலம். வெயில் ஏறுமுன் தெருக்களைப் பார்த்துவிடலாம். நிலையத்திலிருந்து நகரத்தை நோக்கித் தெற்கே செல்லும் சாலையில் நடந்தால் கல்பாத்திப் புழைப் பாலம் வரும். மலம்புழை, வாளையாறு, கோரையாறு, வரட்டாறு ஆகியவற்றின் நீர் சேர்ந்து வருவது இப்புழை. பறளியில் கண்ணாடிப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகி மேற்கே போகிறது. மழைக்காலத்தில் கரை தொட்டு ஓடும்; கோடையில் பாறைகளுக்கு இடையே மெலிந்து கிடக்கும். பாலத்தின் மீது சிறிது நின்று குழந்தைகளுக்கு இதனைக் காட்டுங்கள். ஆற்றின் தென்கரையில்தான் நாம் காணப்போகும் தெருக்கள் இருக்கின்றன.

பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என நான்கு அக்கிரகாரங்கள் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. பாலக்காட்டுப் பகுதியில் தொண்ணூற்றாறு அக்கிரகாரங்கள் உண்டு என்பது மரபு. சோழ நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ் அந்தணரை இங்கிருந்த அச்சன் மரபு அரசர்கள் ஆதரித்தனர்.

தெருவுக்குள் நுழைந்ததும் சந்தடி அடங்கிவிடும். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராக இருப்பதைக் காணலாம். வாயிலில் திண்ணை, அதைக் கடந்தால் ரேழி, பிறகு கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கொல்லை என வீடு உள்ளே நீண்டுகொண்டே போகும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வீட்டின் அகலம் மட்டுமே தெரியும், நீளம் தெரியாது. ஓட்டுக் கூரைகள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டது போல வரிசையாக நிற்கின்றன. இடையிடையே காங்கிரீட் மாடிகளும் எழுந்துவிட்டன. பழமையைக் காக்க வேண்டும் என்று பார்க்க வருபவர் சொல்லுகிறார். மழைக்கு ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும் என்று குடியிருப்பவர் சொல்லுகிறார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

இத்தெருக்கள் இசைக்கும் பெயர் பெற்றவை. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் பயிற்றிய சாத்தபுரம் சுப்பையர் இப்பகுதியைச் சேர்ந்தவர். தேர்த் திருவிழாவை ஒட்டி ஆண்டுதோறும் இசை விழாவும் நடைபெறுகிறது.

காசியிலிருந்து வந்த லிங்கம்

தெருவைக் கடந்து ஆற்றங்கரையை அடைந்தால் விசாலாட்சி சமேத விசுவநாத சுவாமி கோயிலைக் காணலாம். தெரு மட்டத்திலிருந்து படிகளில் இறங்கித்தான் கோயிலுக்குச் செல்ல வேண்டும். அதற்கப்பால் ஆறு. காசியிலும் கங்கைக்கு இறங்கும் படிகள் உண்டல்லவா? 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது இவ்வூர்ப் பழமொழி.

கோயில் எழுந்த காலம் 1425-ஆம் ஆண்டை ஒட்டியது எனக் கொள்ளப்படுகிறது. இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண் ஒருவர் காசி யாத்திரை சென்று, அங்கிருந்து ஒரு லிங்கத்தைக் கொணர்ந்தார். பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1320 பொற்காசுகளை ஒப்படைத்துக் கோயில் கட்டுமாறு வேண்டினார். அரசரும் அவ்வாறே கட்டி நிலமும் வழங்கினார் என்பது வரலாறு.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருப்புப் பாதையும் நல்ல சாலையும் இல்லாத காலம் அது. கைம்பெண்ணுக்குச் சபையில் இடம் கொடாத காலமும் அதுவே. அத்தகைய காலத்தில் ஒரு பெண் காசிவரை சென்று மீண்டு, கைப்பொருளை அரசரிடம் கொடுத்து ஓர் ஊருக்கே அடையாளமாகும் கோயிலை எழுப்பச் செய்தார். கல்பாத்தியின் சரித்திரம் ஒரு பெண்ணின் நடையில் தொடங்குகிறது.

ஐப்பசி மாத இறுதியில், நவம்பர் நடுவில், இங்கே தேர்த் திருவிழா. விசுவநாதர் தேரோடு, புதிய கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி இலட்சுமி நாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி ஆகியோரின் தேர்களும் உலா வரும். மக்கள் வடம் பிடித்து இழுப்பர். பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தள்ளும். மூன்றாம் நாள் மாலை தேர்கள் ஒன்று கூடும் காட்சியைக் காண வரும் கூட்டத்தில் சாதியுமில்லை, மொழியுமில்லை. நம் காலனிக் குழந்தைகளும் அக்கூட்டத்தில் பொரியும் பலூனும் வாங்கிக்கொண்டு திரிகின்றனர்.

இத்தெருவில் யார் நடக்கலாம்?

சென்ற ஆண்டு காலனிச் சிறுவர் பதினைந்து பேரை இவ்வழியே அழைத்துச் சென்றோம். ஓய்வு பெற்ற கீமேன் ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். எண்பது வயதை எட்டியவர். புதிய கல்பாத்தித் தெரு முனையை அடைந்ததும் அவர் நின்றுவிட்டார். களைப்போ என்று கேட்டோம். "களைப்பில்லை ஐயா. எங்கப்பா சின்ன வயசில் இந்த முனையோடு திரும்பி, ஆற்றங்கரையைச் சுற்றித்தான் போவாராம். அது நினைவுக்கு வந்தது" என்றார். அருகில் நின்ற சிறுமி ஒருத்தி, "ஏன் தாத்தா, ரோடு ரிப்பேரா?" என்று கேட்டாள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அவளுக்குச் சொல்லாத விடையை இங்கே சொல்லுகிறோம்.

1924-ஆம் ஆண்டு தென்னாட்டில் தெருக்களைப் பற்றிய ஆண்டு எனலாம். அவ்வாண்டு மார்ச் 30-ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கேட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமை அன்று. கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் நடக்கும் உரிமை. கேரளத் தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைப்பட்டபோது தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. இராமசாமி சென்று அப்போராட்டத்தை நடத்திச் சிறை புகுந்தது நாம் அறிந்ததே.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவருக்கும் தடை இருத்தல் கூடாது என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 25-ஆம் நாள் அரசாங்கமும் அதனை ஆணையாக வெளியிட்டது.

ஆணை காகிதத்தில் இருந்தது. தெரு கல்பாத்தியில் இருந்தது. நவம்பர் மாதம் தேர்த் திருவிழாவின்போது, ஆணையை நம்பித் தெருவில் நடந்த ஈழவர் சிலர் அடித்துத் துரத்தப்பட்டனர். இச்செய்தி மாகாணம் முழுவதும் பரவியது, சட்டசபையிலும் விவாதிக்கப்பட்டது. தெருவாசிகள், தெரு தங்கள் கிராமத்துக்கே உரியது, பொதுச் சாலை அன்று, என வாதாடினர். அமைதி குலையும் என்ற காரணம் காட்டி, நடக்க விரும்பியவர்களையே அதிகாரிகள் தடுத்தனர். ஈழவரில் சிலர் ஆரிய சமாசத்தில் சேர்ந்து, அந்நிலையில் தெருவில் நடக்கும் உரிமையைக் கோரினர். பிறந்த பெயரோடு நடக்க முடியாத தெருவில் நடப்பதற்காகச் சமயத்துறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்றால், அத்தெருவின் சில நூறு அடி நீளம் அவர்களுக்கு எவ்வளவு தொலைவாக இருந்திருக்கும்!

இருப்புப் பாதைக்காரராகிய நமக்கு இதில் ஒரு கணக்குத் தோன்றும். 1862 முதல் சாதி கேளாமல் சீட்டுக் கொடுத்து எல்லோரையும் ஏற்றிச் சென்றது வண்டி. நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவே உள்ள தெருவோ அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும் திறக்கவில்லை. ஆனால் நாம் அதிகம் பெருமை கொள்ளுதல் வேண்டா. நம் நிலையங்களின் உணவுச் சாலைகளிலும் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்ற பிரிவு இருந்தது. அது நீங்கிய ஆண்டு 1941.

சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1938-இல் சென்னை மாகாணத்தில் பொது இடங்களைப் பற்றிய தடைகளை நீக்கும் சட்டமும் மலபார் ஆலயப் பிரவேசச் சட்டமும் நிறைவேறின. 1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில், கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே வைக்கத்துச் சாலையும் கல்பாத்தித் தெருவும் இருக்கின்றன என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

சைனமேடும் கோட்டையும்

நடக்க வலுவுள்ளவர்கள் இங்கிருந்து மேற்கே வடக்கந்தரைப் பக்கம் சென்று சைனமேட்டைக் காணலாம். எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபரின் கோயில் அங்கே உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டில் சமண வைர வணிகர் ஒருவர் கட்டியது என்பர். கல்பாத்திக் கோயில் எழுந்த அதே நூற்றாண்டு! மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1907-இல் இங்குள்ள சமணர் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான் 'வீணபூவு' என்னும் புகழ் பெற்ற காவியத்தை இயற்றினார். அவர் ஈழவ குலத்தில் தோன்றியவர். புது மலையாளக் கவிதைக்கு வழி திறந்த அவருடைய சமூகத்துக்குக் கல்பாத்தித் தெரு அன்று திறக்கவில்லை.

மீண்டும் நகரை நோக்கி வந்தால் விக்டோரியா கல்லூரி. 1866-இல் பள்ளியாகத் தோன்றி 1888-இல் கல்லூரியாக உயர்ந்தது. கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு இங்குப் பயின்றவர்.

அதற்கும் தெற்கே நகரின் நடுவில் கோட்டை. மக்கள் இதனைத் திப்புவின் கோட்டை என்பர், கட்டியவர் அவர் தந்தை ஐதர் அலி, ஆண்டு 1766. சாமூதிரியின் படையெடுப்புக்கு அஞ்சிய பாலக்காட்டு அரசர் 1757-இல் ஐதர் அலியின் துணையை நாடினார். ஐதர் அப்போது நம் திண்டுக்கல்லில் பௌஜ்தாராக இருந்தார். உதவிக்கு வந்த கை பிறகு ஊரையே பற்றிக்கொண்டது. 1768-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். சில மாதங்களில் ஐதர் மீட்டார். 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் பதினொரு நாள் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். மறு ஆண்டு கைவிட்டார். 1790-இல் கர்னல் ஸ்டூவர்ட் கைப்பற்றியதோடு கோட்டை ஆங்கிலேயர் வசம் நிலைத்தது. இன்று அகழியைச் சுற்றி மக்கள் காலையிலும் மாலையிலும் உலாவுகின்றனர். உள்ளே ஆஞ்சநேயர் கோயிலில் விளக்கெரிகிறது. அத்தனை படைகள் முயன்று நுழைந்த வாயிலில் இப்போது பிள்ளைகள் ஓடி நுழைகின்றனர்.

திரும்பும் வழியில்

கோட்டையருகில் பேருந்து ஏறி ஒலவக்கோடு வந்து சேரலாம். ஆனால் உடனே வீட்டிற்குள் நுழைந்துவிட வேண்டா. அகத்தேத்தறை வரை செல்லுங்கள். அங்கேதான் சபரி ஆசிரமம் இருக்கிறது. நம் காலனிக்கு அடுத்தாற்போலுள்ள இடம். நம்மில் முக்காற்பங்கினர் கண்டிராத இடம்.

1923-இல் இதனை நிறுவியவர் டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர். கல்பாத்தியைச் சேர்ந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் உண்டு படிக்கும் இடமாக இந்த ஆசிரமத்தை அமைத்தார். சமபந்தி உண்டதற்காகச் சொந்த ஊரார் அவரை விலக்கி வைத்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1924-இல் வைக்கத்தில் சிறை சென்றார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்திற்காகப் பாலக்காட்டிலிருந்து பையனூருக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்றார். காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் இவ்வாசிரமத்துக்கு வந்துள்ளார்.

கல்பாத்தித் தெரு எவரை உள்ளே விடவில்லையோ, அவர்களுக்காக அதே தெருவில் பிறந்த ஒருவர் வெளியே வந்தார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கல்பாத்தியின் சரித்திரம் முழுமை பெறும். அடித்தவர்களை மட்டும் சொன்னால் அது பகை வளர்க்கும் பேச்சு. கோயிலையும் தேரையும் மட்டும் சொன்னால் அது பாதிப் பேச்சு.

நண்பரின் கேள்விக்கு நம் விடையும் இதுவே. புண் ஆறிவிட்டது என்றால் தழும்பைக் காட்டுவதில் வலி இல்லை. காட்ட அஞ்சினால் இன்னும் ஆறவில்லை என்றே பொருள். இக்கட்டுரையின் கையெழுத்துப் படியை நம் சங்க உறுப்பினரும் பழைய கல்பாத்தியில் பிறந்தவருமான மூத்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அடுத்த முறை பிள்ளைகளை அழைத்து வரும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். காப்பி நான் தருகிறேன்" என்றார்.

ஆகவே, அன்பர்களே, வரும் தேர்த் திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நிலைய முகப்பில் கூடுவோம். குடை, குடிநீர், தொப்பி மறவாதீர். அந்தச் சிறுமியும் வருவாள். கீமேன் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முனையில் இம்முறை யாரும் நிற்க வேண்டியதில்லை. முன்னால் அவரையே நடக்கச் சொல்லுவோம்.